ராமேஸ்வரத்தில் அறை எடுக்கும் முன் தண்ணீரைக் கேளுங்கள்

பக்கெட்டில் பிடித்த தண்ணீரில் அம்மா எத்தனை முறை தேய்த்தும் சோப்பில் நுரை எழவில்லை. முகம் கழுவிவிட்டு வந்தவர், "தண்ணி கரிக்குதுப்பா, கண்ணெல்லாம் எரியுது" என்றார். அக்னி தீர்த்தக் கடலில் இறங்குவதற்கு ஒரு நாள் முன்னதாகவே, லாட்ஜ் குளியலறையிலேயே எங்கள் உடம்பில் உப்பு ஏறிவிட்டது.

அப்பா காலமாகி ஓராண்டு முடிந்தபின் வந்த ஆடி அமாவாசை அது. 2024 ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை. ராமேஸ்வரத்தில் தர்ப்பணம் கொடுத்துத் தீர்த்தமாட வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் எண்ணம். அம்மாவுக்கு எழுபத்தோரு வயது, இரண்டு முழங்காலிலும் வலி. திருப்பூரிலிருந்து நானும் என் மனைவியும் அவரை அழைத்துக்கொண்டு புறப்பட்டோம். ராமேஸ்வரத்துக்குப் போகும் வழியில், உச்சிப்புளியில் சித்தியின் வீடு இருக்கிறது. "இங்கேயே தங்கி விடியக்காலையில் போகலாமே" என்று சித்தி பலமுறை சொன்னார். கடலுக்கும் கோயிலுக்கும் பக்கத்திலேயே அறை எடுத்துவிட்டால் அம்மா நடக்க வேண்டியிருக்காது என்பது என் கணக்கு. அந்தக் கணக்கு ஏன் பிழைத்தது என்பதையும், அடுத்த ஆண்டு அதை எப்படித் திருத்திக்கொண்டோம் என்பதையும், வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு குறைந்த வாடகையில் அறை தேடி அங்கே வருகிறவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

அப்போது பழைய பாம்பன் ரயில் பாலத்தில் போக்குவரத்து நின்றுபோயிருந்தது. 2022 டிசம்பருக்குப் பிறகு ரயில்கள் தீவுக்குள் வரவில்லை. எனவே மதுரையிலிருந்து இரவுப் பேருந்தில் வந்து, சனிக்கிழமை விடியற்காலை மூன்றே முக்காலுக்கு ராமேஸ்வரம் பேருந்து நிலையத்தில் இறங்கினோம். பேருந்து நிலையம் ஊருக்கு மேற்கே இருக்கிறது. கோயில் அங்கிருந்து ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். இறங்கியதுமே ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொண்டு, "ரூம் வேணுமாண்ணே? கோயில் பக்கத்துலயே இருக்கு" என்றார்கள். நான் தொலைபேசியில் பேசி வைத்திருந்த லாட்ஜின் பெயரைச் சொன்னதும், அங்கே இடம் இல்லை, வேறு இடம் காட்டுகிறேன் என்றார் ஒருவர். அந்த நேரத்தில் அதை நம்பிப் போனவர்கள் இருக்கிறார்கள். வழியில் காட்டப்படும் அறைக்கு ஆட்டோக்காரருக்குரிய கமிஷன் வாடகையிலேயே சேர்ந்துவிடும் என்பதால், இறங்குவதற்கு முன்பே லாட்ஜுக்கு ஒருமுறை பேசி உறுதிசெய்துகொள்வது நல்லது.

கோயிலின் கிழக்குப் பக்கம், கடலுக்கு மிக அருகில் இருந்த அந்த லாட்ஜில் எங்களுக்கு இரண்டாவது மாடியில் ஒரு டபுள் ரூம் கொடுத்தார்கள். லிஃப்ட் இல்லை. சாதாரண நாளில் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் அறைக்கு அமாவாசைக்காக இரண்டாயிரத்து நானூறு வாங்கினார்கள். அது எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. அந்த ஒரு நாளில் இவ்வளவு சிறிய தீவில் இத்தனை கூட்டம் கூடும்போது வாடகை ஏறத்தான் செய்யும். என் வருத்தமெல்லாம் நான் கேட்காமல் விட்ட கேள்விகளைப் பற்றியது.

முதலாவது, கடிகாரம். நம் ஊர் லாட்ஜுகளில் இரண்டு வழக்கங்கள் உண்டு. சில இடங்களில் எப்போது வந்தாலும் மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்குக் காலி செய்ய வேண்டும். சில இடங்களில் அறைக்குள் நுழைந்த நேரத்திலிருந்து இருபத்து நான்கு மணி நேரம். நாங்கள் தங்கிய இடத்தில் இரண்டாவது வழக்கம். சனிக்கிழமை நான்கு மணிக்குப் பதிவேட்டில் கையெழுத்திட்டோம். ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு, அமாவாசைக் குளியலுக்காக அம்மா புடவை மாற்றிக்கொண்டிருந்தபோது ரூம் பாய் கதவைத் தட்டினார். "டைம் முடிஞ்சிருச்சுண்ணே. காலி பண்றீங்களா, இன்னொரு நாள் போட்டுரவா?" என்று கேட்டார். கடலுக்குப் புறப்படும் வேளையில் மூட்டை முடிச்சுகளை எங்கே கொண்டுபோய் வைப்பது? இன்னொரு முழு நாள் வாடகையைக் கட்டினோம்; பகல் பன்னிரண்டுக்கே புறப்பட்டும்விட்டோம். அந்தப் பையனை நான் குறை சொல்ல மாட்டேன், அவர் தம் வேலையைத்தான் செய்தார். முந்தின நாள் விடியலில் தூக்கக் கலக்கத்தோடு கையெழுத்திட்டபோது, எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்டு ரசீதில் எழுதி வாங்கியிருந்தால் இந்த நிலை வந்திருக்காது. இருபத்து நான்கு மணி நேர வழக்கம் உள்ள இடத்தில் விடியற்காலையில் போய் அறை எடுப்பது நமக்கு நட்டம். பேருந்து நிலையத்திலேயே இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வெளுத்தபின் போவது எவ்வளவோ மேல்.

இரண்டாவது, துரு. கடற்காற்று படுகிற ஊரில் இரும்பு எதுவும் ஒழுங்காக இராது. ஜன்னல் கம்பி, கட்டில் கால், கதவின் நாதாங்கி என எல்லாம் உப்பேறிப் பொரிந்திருக்கும். சனிக்கிழமை மாலை குளியலறைக்குள் போன அம்மாவால் தாழ்ப்பாளைத் திறந்து வெளியே வர முடியவில்லை. பழுப்பேறிய அந்தத் தாழ்ப்பாள் மூடும்போது வழுக்கிக்கொண்டு போயிருக்கிறது. திறக்கும்போது பாதியில் இறுகிவிட்டது. உள்ளே இருந்து அம்மா கூப்பிட்ட குரல் எனக்கு இன்னும் காதில் நிற்கிறது. ரூம் பாய் ஓடிவந்து, கதவின் மேல் இடுக்கு வழியாகத் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலைக் கொடுத்து, "ஆத்தா, பதறாதீங்க, கம்பி மேல ஊத்திட்டு மேலையும் கீழையும் ஆட்டுங்க" என்று சொல்லிச் சொல்லி, இருபது நிமிடத்துக்குப் பிறகு தாழ்ப்பாள் இளகியது. அன்றிலிருந்து எந்தக் கடற்கரை ஊரில் அறை எடுத்தாலும், பெட்டியை வைப்பதற்கு முன் ஒவ்வொரு தாழ்ப்பாளையும் இரண்டு முறை போட்டுத் திறந்து பார்க்கிறேன். வயதானவர் உள்ளே போனால் தாழ் போட வேண்டாம் என்று சொல்லி, வெளியே ஒருவர் நின்றுகொள்கிறோம். பல லாட்ஜுகளில் அறைக்கு வெளியே இன்னமும் தொங்குபூட்டுத்தான். லாட்ஜ் பூட்டின் மாற்றுச் சாவி எத்தனை பேரிடம் இருக்கும் என்று நமக்குத் தெரியாது. கோயிலுக்குள் கைபேசி கொண்டுபோக அனுமதி இல்லாததால் அதை அறையிலேயே வைத்துவிட்டுப் போகிறவர்கள் நம் சொந்தப் பூட்டு ஒன்றைக் கையோடு கொண்டுவருவது மிகவும் நல்லது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல விரும்பும் செய்திக்கு வருகிறேன். ராமேஸ்வரத்தில் அறையைத் தேர்ந்தெடுக்க வேண்டியது கடலின் அருகாமையை வைத்து அல்ல. நானும் என்னைப் போன்ற பலரும் செய்யும் தவறு இது. "பக்கத்தில் இருந்தால் குளித்துவிட்டு வந்து துணி மாற்றிக்கொள்ளலாம்" என்று நினைக்கிறோம். ஆனால் அங்கே வழிபாட்டின் வரிசை வேறு. முதலில் அக்னி தீர்த்தம் எனப்படும் கடலில் முழுக்கு. பிறகு அந்த ஈரத்தோடேயே ராமநாதசுவாமி கோயிலுக்குள் சென்று, சீட்டு வாங்கிக்கொண்டு, இருபத்திரண்டு தீர்த்தக் கிணறுகளிலும் வாளியால் இறைத்து ஊற்றும் நீரில் வரிசையாக நனைய வேண்டும். அதன் பிறகுதான் உலர்ந்த ஆடை மாற்றிக்கொண்டு மூலவரைத் தரிசிக்க வேண்டும். ஈரத்துணியோடு சன்னதிக்குள் போக அனுமதி இல்லை. அமாவாசைக் கூட்டத்தில் கடலில் இறங்கியதிலிருந்து கடைசிக் கிணறு முடியும் வரை எங்களுக்கு மூன்றரை மணி நேரம் ஆனது. இடையில் யாரும் அறைக்குத் திரும்பவில்லை, திரும்பவும் முடியாது. அறை இருநூறு அடியில் இருந்தாலும் அரை மைலில் இருந்தாலும் அந்த மூன்றரை மணி நேரத்தில் எந்த வேறுபாடும் இல்லை.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அந்தக் காற்றில், நனைந்த பருத்திப் புடவை காலைச் சுற்றிக்கொள்ள, அம்மா கல் தளத்தில் நடுங்கியபடி நின்றார். மாற்றுத்துணி அறையில் இருந்தது. நானும் மனைவியும்கூட நனைந்திருந்தோம். கைபேசி இல்லாததால் பெண்கள் வரிசையில் பிரிந்துபோன இருவரையும் தேடிப் பிடிக்கவே எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. குடும்பத்தில் ஒருவராவது நனையாமல் இருந்து, மாற்றுத்துணி, துண்டு, கைபேசிகள், அம்மாவின் மாத்திரை ஆகியவை அடங்கிய பையுடன், கோயிலுக்கு வெளியே முன்கூட்டியே பேசிவைத்த ஓர் இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். நனைந்தவர்கள் வெளியே வந்ததும் உடை மாற்றும் அறையில் மாற்றிக்கொண்டு தரிசனத்துக்குப் போகலாம்; பையைக் காத்தவர் பிறகு தீர்த்தமாடலாம். இதைச் செய்தால் லாட்ஜ் எவ்வளவு தொலைவில் இருந்தாலும் கவலை இல்லை.

அப்படியானால் அறை எதற்குத்தான் வேண்டும்? நல்ல தண்ணீருக்கும், துணி காய்வதற்கும், அம்மா படியேறாமல் படுப்பதற்கும்தான். தண்ணீரைப் பற்றி எனக்கு விளக்கியவர் சித்தி. தனுஷ்கோடிப் பக்கம் கடலுக்குச் சில அடி தூரத்திலேயே பெண்கள் கையால் மணலைத் தோண்டி ஊற்று எடுத்து, அதில் சிரட்டையால் நல்ல தண்ணீர் மொள்வதைச் சிறு வயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவர் அவர். மணலில் இறங்கும் மழைநீர், கனமான கடல்நீரின் மேல் ஒரு மெல்லிய படலமாக மிதந்து நிற்கிறது. மேலாகத் தோண்டினால் இனிப்பு. ஆழத்துக்குக் குழாய் இறக்கி மோட்டார் வைத்து இழுத்தால், மேலே இருந்த நல்ல நீர் தீர்ந்து கீழே இருந்த உப்பு ஏறிவருகிறது. கூட்டம் நிரம்பிய நாளில் அத்தனை அறைக்கும் சேர்த்து மோட்டார் ஓடினால் தண்ணீர் இன்னும் கரிக்கும். நாங்கள் தங்கியது அப்படிப்பட்ட நாளில்தான். குடிப்பதற்குக் காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிறது, லாரித் தண்ணீரும் உண்டு. ஆனால் குளியலறைக் குழாயில் என்ன வருகிறது என்பதை நாம்தான் கேட்க வேண்டும். கேட்டாலும் "நல்ல தண்ணிதான்" என்றுதான் சொல்வார்கள். எனவே முன்பணம் கொடுப்பதற்கு முன் குளியலறைக் குழாயைத் திறந்து, ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்துவிடுங்கள். வாயில் சொல்வதைவிட நாக்கு சரியாகச் சொல்லும்.

துணி விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். அமாவாசையன்று காலை என் வேட்டியைக் கட்டில் கம்பியிலும் ஜன்னலிலும் பரப்பிப் போட்டேன். புறப்படும் வரை காயவில்லை, தொட்டால் பிசுபிசுத்தது. அம்மாவின் புடவையோ ஓரளவு உலர்ந்திருந்தது. ஏன் என்று யோசித்தபோதுதான் புரிந்தது. நான் தர்ப்பணத்துக்காக இரண்டாம் முறை கடலில் இறங்கி, அந்த ஈரத்தோடேயே அறைக்கு வந்திருந்தேன். அம்மாவின் புடவையில் இருந்த உப்பை இருபத்திரண்டு கிணற்று நீரும் கழுவி எடுத்திருந்தது. மழைக்காலத்தில் உப்புச் சாடி கசிவதைப் போல, கடலுப்பு படிந்த துணி காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். எவ்வளவு காற்றில் போட்டாலும் முழுதாகக் காயாது. கடலில் நனைந்த துணியை முதலில் நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்துவிட வேண்டும். அந்த லாட்ஜில் அலசுவதற்கும் உப்புத் தண்ணீர்தான் இருந்தது. காயாத துணியைக் கடலிலேயே விட்டுவிட்டுப் போகிறவர்களை அங்கே பார்த்தேன். கரையோரம் அது சேறும் துணியுமாகக் கிடப்பதைப் பார்க்க மனம் வலிக்கிறது. அப்பாவுக்காக வந்த இடத்தில் அதை நாங்கள் செய்யவில்லை. ஈரத்துணியைப் பிளாஸ்டிக் உறையில் கட்டித் திருப்பூர் வரை கொண்டுவந்தோம்.

மறு ஆண்டு ஆடி அமாவாசை 2025 ஜூலை 24, வியாழக்கிழமை வந்தது. இந்த முறை சித்தியிடம் பொறுப்பை ஒப்படைத்தேன். அவர் ஒரு மாதத்துக்கு முன்பே உச்சிப்புளியிலிருந்து பேருந்து ஏறிப் போய், நான்கு இடங்களில் குழாயைத் திறந்து சுவைத்துப் பார்த்து, கோயிலுக்கு மேற்கே நடந்தால் கால்மணி நேரத்தில் வரும் ஒரு சிறிய லாட்ஜில் தரைத்தளத்து அறையை முடித்துக்கொடுத்தார். ஏ.சி. இல்லை. இரண்டு பக்கம் ஜன்னல், மொட்டை மாடியில் துணி போடக் கொடி, குழாயில் உப்பில்லாத தண்ணீர். கடலோரத்து லாட்ஜுக்கு முந்தைய ஆண்டு கொடுத்ததில் பாதிக்குச் சற்று அதிகம்தான் வாடகை. பகல் பன்னிரண்டு முதல் மறுநாள் பன்னிரண்டு வரை என்பதையும், காலி செய்தபின் மாலை வரை பெட்டிகளை ரிசப்ஷனில் வைத்துக்கொள்ளலாம் என்பதையும் சித்தி கேட்டு ரசீதிலேயே எழுதி வாங்கியிருந்தார்.

பாம்பனில் புதிய ரயில் பாலம் அந்த ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டிருந்ததால், மதுரையிலிருந்து காலை ரயிலில் வர முடிந்தது. கப்பலுக்கு வழிவிட நடுவில் நேராக மேலே தூக்கப்படும் 72.5 மீட்டர் நீளப் பகுதியை ரயில் கடந்தபோது அம்மா ஜன்னலை விட்டு நகரவே இல்லை. பகலில் ராமேஸ்வரத்தில் இறங்கினோம். அறையின் கடிகாரத்துக்கும் எங்கள் பயணத்துக்கும் முதல்முறையாக ஒத்துப்போனது. அன்று மதியம் அம்மா நிம்மதியாக உறங்கினார்.

அறைக்குள் நுழைந்ததும் நாங்கள் செய்தவை சில. மெத்தையின் தையல் ஓரங்களையும் கட்டில் இணைப்புகளையும் கைபேசி வெளிச்சத்தில் பார்த்தோம்; நாளொரு கூட்டம் மாறும் யாத்திரை ஊர்களில் மூட்டைப்பூச்சிக்கு வாய்ப்பு அதிகம், கருநிறப் புள்ளிகள் இருந்தால் அறையை மாற்றித் தரச் சொல்ல வேண்டும். எங்கள் விரிப்பையே விரித்துக்கொண்டோம். மின்சாரம் போனால் ஜெனரேட்டரில் எது ஓடும் என்று கேட்டோம். விளக்கும் மின்விசிறியும் ஓடும், ஹீட்டர் ஓடாது என்றார்கள். எனவே விடியற்காலைக்கு வேண்டிய வெந்நீரை முந்தின இரவே பிளாஸ்க்கில் வாங்கி வைத்தோம். அடையாளத்துக்காக, எண்ணின் முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதார் நகலையே கொடுத்தோம், வாங்கிக்கொண்டார்கள்.

வரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆயிரம் ரூபாய்க்குக் குறைந்த அறைகளுக்கு முன்பு ஜி.எஸ்.டி. இல்லை, 2022 ஜூலை 18 முதல் 12 சதவீதம் வந்தது, 2025 செப்டம்பர் 22 முதல், ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய் வரையிலான அறைகளுக்கு 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. தொலைபேசியில் சொல்லும் வாடகை வரியோடு சேர்த்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ரசீதில் ஜி.எஸ்.டி. பதிவு எண் அச்சிடப்படாத இடத்தில் வரி என்று தனியாகக் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

ராமநாதபுரத்தில் தங்கி ஐம்பத்தைந்து கிலோமீட்டர் வந்துபோகலாமா என்று என்னிடம் சிலர் கேட்டார்கள். திருப்புல்லாணி, தேவிபட்டினம், சேதுக்கரை என்று பல இடங்களுக்கும் போகிறவர்களுக்கு, சாதாரண நாட்களில் அது வசதிதான். அறையும் தண்ணீரும் அங்கே எளிது. அமாவாசையன்று மட்டும் வேண்டாம். பாம்பன் சாலைப் பாலத்தில் வண்டிகள் அணிவகுத்து நிற்கும். விடியலில் கடலில் இருக்க முடியாது. சேதுபதி மன்னர்கள் சேது யாத்திரை வருகிறவர்களுக்காக வழிநெடுகச் சத்திரங்கள் கட்டி வைத்ததன் அருமை, வயதான ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு இந்த வழியில் வரும்போதுதான் தெரிகிறது. இன்றும் ஊருக்குள் சமூகச் சத்திரங்களும் மடங்களும் உண்டு. உங்கள் ஊர்க்காரர்கள் நடத்தும் ஒன்று இருந்தால் லாட்ஜுக்கு முன் அங்கே விசாரிப்பது நல்லது.

அந்த வியாழக்கிழமை சித்தி பையோடு கோயிலுக்கு வெளியே, பேசிவைத்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். கடைசிக் கிணறு முடிந்து வெளியே வந்த அம்மாவின் தோளில் துண்டைப் போர்த்தி, உடை மாற்றக் கூட்டிப்போனார். தரிசனம் முடிந்து, வழியில் இட்லி சாப்பிட்டுவிட்டு, மெல்ல நடந்து அறைக்கு வந்தோம். படி ஏதும் ஏறாமல் அம்மா போய்ப் படுத்துக்கொண்டார். சித்தி என் வேட்டியையும் துண்டையும் நல்ல தண்ணீரில் இருமுறை அலசி, மொட்டை மாடிக் கொடியில், காற்றில் பறக்காதபடி இரண்டு முனையையும் முடிந்து போட்டார். பதினொன்றரைக்கு நான் எடுக்கப் போனபோது வேட்டி சலசலவென்று காய்ந்திருந்தது. அதை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, பன்னிரண்டு அடிப்பதற்குப் பத்து நிமிடம் இருக்கும்போது சாவியைக் கொடுத்தோம்.